அம்மாவின் கைப்பக்குவம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நீ மூன்று தடவை போன் செய்தாய். போனைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன், எடுக்கவில்லை. எடுத்தால் போன வாரம் மாதிரி கத்திவிடுவேன். எழுதும்போது கத்த முடியாது, கத்தினாலும் அடித்துவிட்டு வேறு எழுதலாம். அதனால்தான் கடிதம். நீயும் எழுது. பேச வேண்டாம்.

அம்மா போய் ஆறு வாரம் ஆகிறது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. முதலில் தலையைத் திருப்பினாலே மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது. இப்போது அது குறைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆபீஸில் என்னை 'ஐஸ்' என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். குடிநீர் புகார் கவுண்டரில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராதவன் எவனும் வாழ்த்திவிட்டுப் போக மாட்டான். பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாலும் "சரிங்க, எழுதிக்கிட்டேன்" என்பேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்தார். பதினோரு நாளாகத் தண்ணீர் இல்லை. திட்டக்கூட இல்லை. "படுத்த படுக்கையா கெடக்கறவளைத் தொடைச்சு விடக்கூடத் தண்ணி இல்ல சார்" என்றார். நான் அழுதுவிட்டேன் அக்கா. கண்ணில் தண்ணீர் வந்ததோடு போகவில்லை, விக்கி விக்கி அழுதேன். பெரியவர் பயந்துபோய், "பரவால்ல சார், நாளைக்கு வரேன்" என்று போய்விட்டார். வியாழக்கிழமை ஒரு அம்மாள் ஏதோ சொன்னார் என்று புகார்ப் பதிவேட்டைத் தூக்கி எறிந்தேன். நல்ல வேளை, சுவரில்தான் பட்டது. மேலதிகாரி மெமோ கொடுத்திருக்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான். டீ சரியில்லை என்று மனைவி மேல் எரிந்து விழுகிறேன். அம்மா போடும் டீயில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். அது அம்மாவின் கைப்பக்குவம். இவளும் கூடக் குறையப் போட்டுப் பார்த்தாள், வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் நீ எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாய். பன்னிரண்டு வருஷம் முந்திய விஷயம், நான் மன்னித்தும் ஆயிற்று. நீ வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்புறம் ஏன் நேற்று நடந்த மாதிரி வயிறு எரிகிறது? மன்னித்த பிறகு கோபம் திரும்பி வருமா?

தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

அம்மா போன துக்கம்தான். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு விதமாக வெளியே வரும். நீ எப்போதுமே அம்மா பிள்ளை. லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு. டாக்டரிடம் போ. தலை சுற்றினால் வண்டி ஓட்டாதே.

ஒன்று மட்டும் எழுது. அந்தக் கரண்ட் அடிப்பது எந்தத் தேதியில் ஆரம்பித்தது? அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகா, முன்பா? சேர்த்த பிறகு என்றால் எத்தனையாவது நாள்?

அம்மாவின் அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும், மருந்து வைத்திருப்பது. அதைத் திறக்க வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். பழைய மருந்தை வீட்டில் வைத்தால் உன் பாப்பா எடுத்துவிடுவாள். அடுத்த ஞாயிறு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வாசலிலேயே கொடுத்துவிடு, உள்ளே வரமாட்டேன்.

அப்பா விஷயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

திறக்காதே என்று எழுதினால் யார்தான் திறக்காமல் இருப்பார்கள்? நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

டப்பாவில் ஒரே மாத்திரை பதினேழு அட்டை. எல்லாம் அம்மா பெயர் போட்ட உறையில், உன் கையெழுத்தில். பிரஷர் மாத்திரை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனை மருந்துக் கடையில் காட்டினேன். அந்தப் பையன் அட்டையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இது மனசுக்குக் குடுக்கறது சார்" என்றான்.

அம்மாவுக்கு மனசு சரியில்லையா? எத்தனை வருஷமாக? ஒரே வீட்டில் இருந்தேன். தினமும் காலையில் எனக்கென்று தனியாக டீ போட்டு, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளாவது "நீ எப்படிம்மா இருக்க" என்று கேட்டிருப்பேனா? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நேற்று அவளுடைய புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸுக்குப் போகவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கிறது. நீதான் மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அப்பாவை மறைத்த மாதிரியே அம்மாவையும் மறைத்திருக்கிறாய். நான் அவர்களுக்குப் பிள்ளையா, இல்லை வாடகைக்குக் குடியிருந்தவனா?

தம்பி

*

பிப்ரவரி 26

தம்பிக்கு,

அம்மாவுக்கு மனசுக்கு ஒன்றும் இல்லை. நீ இப்படி உன்னையே நொந்துகொள்வதைப் படித்துவிட்டு நான் சும்மா இருந்தால் மனுஷியே இல்லை. அந்த மாத்திரை உனக்கு.

முதலிலிருந்து எழுதுகிறேன். அப்பா போன பிறகு நீ இருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அலமாரிக் கண்ணாடியை உடைத்தாய். சுவரில் தலையை முட்டிக்கொண்டாய், நான்கு தையல். அப்போது பார்த்த டாக்டர் ஆறு மாதத்துக்கு இந்த மாத்திரையை எழுதினார். "எனக்கு என்ன பைத்தியமா?" என்று சீட்டைக் கசக்கி எறிந்தாய். அம்மா அதைப் பொறுக்கி எடுத்து நீவி வைத்திருந்தாள். என்னிடம் வந்து, "பொடி பண்ணி டீல போட்டா தெரியுமாடி?" என்று கேட்டாள். லேசாகக் கசக்கும், சர்க்கரையைத் தூக்கலாகப் போடு என்று சொன்னவள் நான்.

எட்டாவது வாரம் நீ என் கடைக்கு வந்தாய். கையில் ஒரு பை ஆப்பிள். "விடுக்கா, நடந்தது நடந்து போச்சு" என்றாய். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்குத் தெரியும், எட்டு வாரம் என்பது மாத்திரை முழுசாக வேலை செய்யும் கணக்கென்று. தெரிந்தும் அழுதேன்.

ஆறு மாதம் முடிந்தது. நிறுத்தலாமா என்று அம்மா கேட்டாள். நீ வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாய், சிரித்தாய், என்னை "அக்கா" என்று கூப்பிட்டாய். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். டாக்டரைத் திரும்பக் கேட்கவில்லை. அம்மா பெயரை உறையில் எழுதி நானே எடுத்துக் கொடுத்தேன். என் தொழிலில் இதற்கு மன்னிப்பே கிடையாது. அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. உனக்குக் கல்யாணம் ஆனது, பாப்பா பிறந்தாள். ஒவ்வொன்றுக்கும், இப்போது நிறுத்தினால் எல்லாம் கெட்டுவிடும் என்று ஒரு காரணம் இருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கு உன் டீ நின்றது. இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மற்ற எல்லோருக்கும் கவுண்டரில் சொல்லி அனுப்புவேன். உனக்கு மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கரண்ட் அடித்தது அதனால்தான்.

அக்கா

*

மார்ச் 3

பதினோரு வருஷம்.

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் மேலே எதுவும் எழுதவில்லை.

நான் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொன்னது யார்? அவள் வீட்டில் என்னைப் பார்த்து, "பையன் தங்கம், அதிர்ந்து பேசத் தெரியாது" என்றார்களே, அந்தப் பையன் யார்? பாப்பா பிறந்தபோது நர்ஸ் கையில் கொடுத்தாள். எல்லா அப்பாக்களும் அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை. நான் நிதானமானவன் என்று நினைத்துக்கொண்டேன், அதில் ஒரு பெருமை வேறு. இப்போது அந்த நாளை யாரிடம் போய்க் கேட்பேன்? அம்மாவும் நீயும் சேர்ந்து அதை டம்ளரில் கரைத்துவிட்டீர்கள்.

அந்தப் பெரியவர் வீட்டைத் தேடிப் போனேன் தெரியுமா? அந்தத் தெரு வால்வை யாரோ பாதி மூடிவிட்டுப் போயிருக்கிறான். ஃபிட்டரைக் கையோடு கூட்டிப்போய்த் திறந்தேன். குழாயில் தண்ணீர் வந்ததும் அவர் உள்ளே ஓடினார், நான் வாசலில் நின்று மறுபடியும் அழுதேன். ஐஸாக இருந்த ஒன்பது வருஷத்தில் ஒரு வீட்டுக்குக்கூடப் போனதில்லை. எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கு எனக்குப் பொறுமைசாலி என்று சான்றிதழ் கொடுத்து மாலை போட்டார்கள். அந்த மாலையை வந்து நீ வாங்கிக்கொள்.

எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், உங்கள் இருவரையும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கடைசிவரை கேட்டாள். அப்புறம், "அந்த மாத்திரை எந்தக் கடையிலும் கெடைக்குமா?" என்று கேட்டாள்.

எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். அவளுக்கு வேண்டியது நான் இல்லை. நீ தயாரித்துக் கொடுத்தவன்தான்.

*

மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒருவருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன், பக்கத்திலிருந்தவள் தடுத்தாள்.

இனி எதையும் மறைக்கப் போவதில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். திங்கட்கிழமை உன் மனைவி கடைக்கு வந்தாள். பாப்பாவும் கூட இருந்தாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு வந்து, "அண்ணி, அத்தை எப்படிப் போட்டாங்களோ அப்படியே நானும் போட்டுடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு அட்டை மட்டும் குடுங்க" என்றாள். குடுக்க மாட்டேன் என்றேன். "அப்ப நீங்க ரெண்டு பேர் மட்டும் நிம்மதியா இருந்துக்கிட்டீங்க, நான் மட்டும் அனுபவிக்கணுமா?" என்று கேட்டாள். அவள் மேல் கோபப்படாதே. அவள் கற்றுக்கொண்டது எங்களிடம்தான்.

இப்போது என் பக்கமும் ஒன்று இருக்கிறது, கேள். கோபம் உனக்கு வந்தால் வீடு முழுக்க உன் கோபம்தான். அம்மா கத்தியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவினேன். ஒரே வயிற்றில் பிறந்தோம். உன்னை யாராவது ஒரு சொல் சொன்னால் மூன்று நாள் சாப்பிட மாட்டாய். என்னைச் சொன்னவர் முகமே எனக்கு மறந்துவிடும். நீ உயர்ந்தவன் என்றோ நான் கல்நெஞ்சக்காரி என்றோ இதற்கு அர்த்தமில்லை, பிறவியிலேயே அப்படி. தினமும் நூறு சீட்டைப் பார்க்கிறேன், மனுஷனுடைய கோபமும் வெட்கமும் பாசமும் எவ்வளவு கொஞ்ச மருந்தில் ஏறி இறங்குகிறதென்று. அந்தப் பழைய நீதான் அசல், டீ குடித்தவன் போலி என்று நீ எப்படிச் சொல்வாய்? பாப்பாவுக்கு ராத்திரி கதை சொன்னவன் போலியா?

அப்பாவின் ஒன்பது நாளை ஏன் மறைத்தேன்? நீ ஆஸ்பத்திரியில் வந்து ரகளை செய்வாய், டாக்டரின் சட்டையைப் பிடிப்பாய் என்று பயந்தேன். அது தப்புதான். ஆனால் பயம் பொய்யில்லை.

எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாமல் வைத்தது உன் நல்லதுக்கு என்று அம்மாவிடம் சொன்னேன். நிறுத்தினால் நீ என்னிடம் மறுபடி பேசமாட்டாய் என்ற பயம்தான் முதலில் வந்தது. உன் நல்லது அதற்குப் பிறகுதான்.

அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

பாப்பா இப்போதெல்லாம் அறைக்குள் வருவதற்கு முன்னால் கதவோரம் நின்று என் கையைப் பார்க்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை. கை மடங்கியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறாள். முந்தாநாள் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். நான் மேஜையில் ஓங்கி அடித்தேன். அவளை அடிக்கவில்லை, அக்கா, மேஜையைத்தான். நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள். ஆறு வயசுப் பிள்ளை. பாலைத் துடைப்பதா, அதைத் துடைப்பதா என்று தெரியாமல் துணியை வைத்துக்கொண்டு நின்றேன். அவள், "நானே தொடைச்சுடறேம்பா" என்று துணியை வாங்கிக்கொண்டாள்.

நேற்று நானாகவே டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். டீ விஷயத்தைக் கேட்டதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். வேறு மாத்திரைகளும் இருக்கின்றன, பேசிப் பார்க்கும் சிகிச்சையும் இருக்கிறது என்றார். எனக்குப் பொறுமை இல்லை, எனக்கு ஒத்துக்கொண்டது எதுவென்று பதினோரு வருஷமாகப் பார்த்தாயிற்று என்றேன். சீட்டு என் பெயரில் இருக்கிறது. உன் கடையில் வாங்க மாட்டேன். நாளைக் காலையிலிருந்து என் கையால், எனக்குத் தெரிந்து, தண்ணீரில் போட்டுக்கொள்வேன். பாப்பாவுக்காக. மறுபடி ஐஸாகிவிடுவேனா என்று கேட்டேன். சிலருக்கு அப்படி ஆகும், ஆகிவிட்டால் உடனே சொல்லுங்கள், அளவை மாற்றலாம் என்றார். ஆனபிறகு அதைச் சொல்லத் தோன்றுமா என்று நான் கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

எனக்கு என்னைத் தெரியும். இன்னும் ஒரு மாதத்தில் உனக்கு ஒரு நல்ல கடிதம் எழுதுவேன். விட்டுத்தள்ளு என்பேன், வீட்டுக்கு வா என்பேன். பொய்யாக எழுத மாட்டேன், அப்போது எனக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கு, என் மண்டையில் யாரும் எதையும் கலக்காத இந்தப் புதன்கிழமையில், சொல்கிறேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. அப்பாவின் ஒன்பது நாளுக்கும் மன்னிக்கவில்லை, என் பதினோரு வருஷத்துக்கும் மன்னிக்கவில்லை. அம்மாவையும்தான். செத்துப்போனவள் என்பதால் சொல்லாமல் விட மாட்டேன்.

போலி யார், அசல் யார் என்று கேட்டிருந்தாய். எனக்கும் தெரியாது. ஆனால் நீ தீங்கு செய்தது இன்றைக்கு இதை எழுதுகிற இவனுக்கு. அதனால் கேட்க வேண்டியதும் இவனிடம்தான்.

உன் தம்பி

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் கொஞ்சம் அதிகம். மெமோவை மேலதிகாரி திரும்ப வாங்கிக்கொண்டார். கவுண்டரில் பழையபடி கூட்டம். வால்வு பார்த்துக் கொடுத்தேனே, அந்தப் பெரியவரின் வீட்டம்மா போய்விட்டாராம். ஆபீஸில் சொன்னார்கள். ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தவர், பாவம்.

பாப்பா என் மடியில் உட்கார்ந்துதான் இப்போது படம் வரைகிறாள். அவளுக்கு வீட்டில் நிம்மதி. அதைவிட வேறென்ன வேண்டும்?

மார்ச்சில் ஏதோ வேகத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். எழுதியது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததென்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நீயும் அம்மாவும் என் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. போன் செய், எடுக்கிறேன். பதினெட்டாம் தேதி பாப்பா கோயில் விழாவில் பாடுகிறாள், "அத்தை வருவாங்களா?" என்று கேட்கிறாள். கண்டிப்பாக வா. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ.

அன்புடன்
தம்பி

*

மே 8

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எழுதுவேன் என்று சொன்ன மாதிரியே எழுதிவிட்டாய்.

முதல் தடவை படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஊருக்குக் கிளம்ப ஒரு பையில் துணி எடுத்து வைத்தேன். பாப்பாவுக்கு ஒரு கவுன்கூட வாங்கிவிட்டேன், அதைத் தனியாக அனுப்புகிறேன். இரண்டாவது தடவை படித்தபோது பையிலிருந்து துணியைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

மார்ச் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன். முதல் தடவை உன் மன்னிப்பைத் திருட்டுத்தனமாக வாங்கினேன். இந்தத் தடவை நீயே எடுத்து நீட்டுகிறாய், வாங்க எனக்குக் கை வரவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்று நீயே எழுதி வைத்துவிட்டாய். அவன் கத்தட்டும், தட்டை எறியட்டும், என் முகத்தில் கதவைச் சாத்தட்டும், அவன் வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. வந்து என்ன? அவன் இப்போது வீட்டில் இல்லை. மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. பாப்பா உன் மடியில் உட்காருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அது கெட வேண்டாம்.

நான் வரவில்லை. அத்தைக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை என்று பாப்பாவிடம் சொல். அவள் முகம் கொஞ்சம் வாடும்.

உனக்கு வருத்தமாக இருக்காது என்று தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா